கணக்கில் ஒரு டாக்டர்

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று அரசாங்கம் சொல்கிறது. அந்த ஒரு டாக்டருக்குத்தான் நான் நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சமைத்துப்போடுகிறேன். ஆகையால் அரசாங்கத்தைவிட எனக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

இவருக்குக் காது கேட்காது. இடி இடித்தால் கேட்கும், வாசலில் லாரி ஹாரன் அடித்தால் கேட்கும், நான் கத்தினால் கேட்கும். மற்ற எல்லாச் சத்தமும் இவரைப் பொறுத்தவரை ஆறு வருடத்துக்கு முன்பே அடங்கிவிட்டது. காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கி வந்தோம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அது கீச் கீச்சென்று கத்தியது. "டாக்டரே மெஷின் மாட்டிக்கிட்டு உக்காந்தா பேஷண்ட் என்ன நினைப்பான்?" என்று கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். அப்புறம் அந்த இழுப்பறையையே அவர் திறக்கவில்லை.

வயது எழுபத்தெட்டு. முழங்கால் போய்விட்டது, பல் போய்விட்டது, லைசன்ஸ் மட்டும் கெட்டியாக இருந்தது. காலாவதி ஆவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் புதுப்பித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, நோயாளி உட்காருகிற ஸ்டூலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் தானே துடைப்பார். பக்கத்து அறையில் எங்கள் கல்யாணப் போட்டோ தொங்குகிறது. அதை நான்தான் துடைக்கிறேன்.

வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஏறிப் படுக்க ஒரு உயரமான கட்டில், எல்லோருக்கும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிற எடை மெஷின். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் காத்திருக்க இரண்டு பெஞ்சு. காது போன பிறகு நான் இவருடைய இடது பக்கத்தில் நின்றுகொள்வேன். நோயாளி சொல்வதைக் கேட்டு அவர் காதில் கத்துவேன்.

"வயித்தால போகுதாம்! நேத்துலேர்ந்தாம்! தண்ணியா போகுதாம்!"

திரைக்கு வெளியே இருக்கிற இரண்டு பெஞ்சும் இதைக் கேட்கும். தெருவில் போகிறவனும் கேட்பான். இவர் பதில் சொல்வது அதைவிட மோசம். தன் குரல் தனக்கே கேட்காதவர் எப்படிப் பேசுவார்? ரகசியத்தைக்கூடத் தண்டோரா போடுகிற மாதிரிதான் பேசுவார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், வெளியே சொல்ல முடியாத ஒரு தொந்தரவுக்காக வந்தாள். மறுநாள் அவள் கடைவீதியில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. அதற்கப்புறம் பெண்கள் வருவது நின்றது. பிறகு வாலிபப் பையன்கள். பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். எல்லோரும் பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போனார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. என் உடம்புக்கு ஒன்று என்றால் நானும் பஸ்தான் ஏறியிருப்பேன்.

இவர் மட்டும் ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்காருவார். காலி பெஞ்சைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடியும் பெஞ்சைப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது. சமையலறையிலேயே இருந்துவிடுவேன்.

எதிர் வரிசையில் ஒரு சலூன். அந்தச் சலூன்காரருக்கு முடி வெட்டுவது உபதொழில், ஊர்க்காரியம் பார்ப்பதுதான் முழுநேரத் தொழில். அவர் மகனுக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்க வைத்திருக்கிறார். அவர் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

கொஞ்ச நேரம் முன்பு அவர் கடையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். ஆனாலும் கத்தினேன். இவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல. சத்துக் குறைவு" என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார். அன்று மத்தியானம் ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ரொட்டிக் கடைக்காரம்மா முதுகுவலியோடு வந்தாள். அதற்கு மறுநாள் இரண்டு பேர். ஒரு வாரத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. சலூன்காரர் முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் கிழமையும் நோயும் பிரித்துக் கொடுக்கிறார். "உனக்கு வியாழக்கிழமை, முழங்கால். உனக்கு வெள்ளி, நெஞ்செரிச்சல்." கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? தபால்காரர் எந்த முழங்கால் என்பதை மறந்துவிட்டு ஒரு வாரம் வலதும் மறு வாரம் இடதுமாக நொண்டினார். எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான், சத்துக் குறைவு. அந்த மாத்திரைகளைத் தின்று ஊர்க் கோழிகள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இவர் முகத்தில் மறுபடியும் களை வந்திருந்தது. நாள் முழுவதும் நின்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சுகாதார அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அதையும் நானே பெருமையாகச் சொல்வேன். யார் வந்தாலும் வந்தவர்தானே.

இப்படி இருக்கும்போதுதான் சுகாதார அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்கிற அதிகாரி வந்தார். நாட்டில் லைசன்ஸ் வைத்திருக்கிற டாக்டர்களை எல்லாம் சில வருடங்களுக்கு ஒரு முறை எண்ணுவார்களாம். ஒல்லியான மனிதர், வெயிலில் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகு, யாரிடமாவது பேச வேண்டும் என்று ஏங்கியவர் மாதிரி அவரே ஆரம்பித்தார்.

"போன தடவையை விட இந்தத் தடவை டாக்டருங்க எண்ணிக்கை எவ்வளவோ கூடியிருக்கும்மா. அதுல பாதிக்குப் பாதி பொண்ணுங்க. நாலுல ஒருத்தர் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவங்க."

இவருடைய கல்லூரிப் போட்டோ எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் நாலே நாலு பெண்கள், ஏதோ தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"இத்தனை பேரு எங்கங்க இருக்காங்க? எங்க ஊருக்கு ஒருத்தரைக் காணோமே?" என்றேன்.

"உங்க ஊருக்குத்தான் சார் இருக்காரே!" என்று அவர் இவரைக் காட்டினார். இவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "டாக்டரே இல்லாத ஊருக்குத்தான் முதல்ல ஆள் போடுவோம். அடுத்தது டாக்டர் இருந்தும் சரியா பேஷண்ட் பாக்காத ஊரு. உங்க சார் இந்த வயசுலயும் எவ்வளவு பேரைப் பாக்கிறார்! தினமும் நீங்கதானே போன்ல சொல்றீங்க? உங்க ஊரு ரொம்ப நல்ல நிலைமையில இருக்கும்மா."

வாசல் வரை வழியனுப்பப் போனபோது அவர் இன்னொன்றும் சொன்னார்.

"உங்க ஊர்ப் பொண்ணே ஒண்ணு இங்கதான் வேலை வேணும்னு பல தடவை கேட்டுடுச்சு. தையற்கடைக்காரம்மா பொண்ணு. இடம் காலி இல்லைன்னு சொல்லிட்டோம்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய் தானும் உதவாமல், கொல்லையில் காய்த்த சுரைக்காயையும் பறிக்க விடாமல் அல்லவா நிற்கிறது! ஒரு கிழவர் மனம் நோகக் கூடாது என்று ஊரே சேர்ந்து நோய் நடித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் பச்சைத் திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். திரை உண்மையிலேயே கிழிந்துதான் இருந்தது. ஆனால் அது கிழிந்து இரண்டு வருடமாகிறது.

தையற்காரம்மா தனியாக மகளை வளர்த்தவள். இங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், குளிர் நாடு ஒன்றில் படிக்க அனுப்பினாள். படித்துவிட்டு வந்தாலும் இங்கே லைசன்ஸ் வாங்க ஒரு பரீட்சை உண்டு. அந்தப் பெண் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறினாள் என்பதுவரை எனக்குத் தெரியும். உள்ளே போனபோது துணி வெட்டுகிற மேஜை மேல் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. அந்தப் பெண் அதில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றேன்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையைப் பார்த்தாள்.

"துணி நைஞ்சு போச்சு டாக்டரம்மா. புதுசாவே தைச்சுடுறேன். ரெண்டு மடிப்பா வச்சா நல்லா கனமா இருக்கும்" என்றாள் தையற்காரம்மா.

"திரை கிடக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அவ படிச்ச ஊர்லயே வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள வர்றேன்னு சொல்லிடணும்."

"இங்க வேலை கேட்டிருந்தாளாமே? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் கையிலிருந்த ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்தாள். "எப்படிச் சொல்ல? இவ பொறக்கும்போது கழுத்துல கொடி சுத்திக்கிட்டு நீலமா வந்தா. டாக்டர் இல்லைன்னா இவ ஏது? அவர் நாற்காலியைப் போய் இவளுக்குக் கேக்குறதா? என் நாக்கு அழுகிடாதா?"

பெண் கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நான் நேரா வந்து கேக்கிறேன்னுதான் சொன்னேன் அத்தை. கேக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? நான் போயிட்டா அம்மாவுக்கு யாரு?"

"சும்மா இருடி" என்றாள் தையற்காரம்மா. பிறகு என்னிடம், "செவ்வாய்க்கிழமை என் முறை, மறக்கலை. தலைசுத்தல்தானே? வந்துடுறேன்" என்றாள்.

மகளை நாடு கடத்திவிட்டு, வந்து தலைசுற்றல் நடிக்கப்போகிறாளாம். இப்படி ஒரு பைத்தியக்கார ஊரை எங்கே போய்த் தேடுவது? வழியெல்லாம் எனக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன.

இனி சொல்ல வேண்டியது நான்தான். ஆனால் எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயத்தை இவரிடம் மெதுவாகச் சொல்ல முடியாது. எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "லைசன்ஸை விட்டுடுங்க" என்று ஒரு மனிதர் காதில் எப்படிக் கத்துவது? சாப்பிடும்போது வாயைத் திறப்பேன். இவர் என் வாயையே பார்ப்பார். சமீபமாக அப்படித்தான், நான் பேச ஆரம்பித்தாலே கண் கொட்டாமல் என் வாயைப் பார்க்கிறார். புதுப் பல்செட் எடுப்பாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். "குழம்பு போடட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.

புதன்கிழமை சலூன்காரர் முறை. வழக்கமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, ஒரு நாடகமே போட்டுக்கொண்டு வருவார். அன்று சத்தமில்லாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்ன பண்ணுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்றைக்கு வசனத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடவில்லை. சலூன்காரரின் நெற்றியைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்குக் கேக்கலை" என்றார்.

ஆறு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"கேக்க வேண்டியதில்லை, இது நிஜம். ரொட்டிக் கடை வேனைக் கூப்பிடு. ஓடு!"

நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கக் கொடுத்து, சட்டையைத் தளர்த்தி, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். ரொட்டிக் கடைக்காரம்மா தட்டுகளை எல்லாம் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வேனைக் கொண்டுவந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சலூன்காரருக்கு ஒரு முறை நினைவு தப்பியது என்று பிறகு சொன்னார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம்.

வேன் போன பிறகு இவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மத்த புதன்கிழமையெல்லாம் கையை நெஞ்சுல வச்சுக்கிட்டு வருவான். வலி இல்லாதவன் அப்படித்தான் வருவான்" என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினேன்.

"காதுதானே போச்சு? கண்ணு இருக்கே. தபால்காரன் ரெண்டு காலையும் மாத்தி மாத்தி நொண்டுறான், அது கூடவா தெரியாது? பாவம், வேலையை விட்டுட்டு மெனக்கெட்டு வர்றாங்க. திருப்பி அனுப்பச் சொல்றியா?"

அவர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் அப்போது மொத்தமாக வெளியே வந்தது. கணக்கெடுக்க வந்தவர் சொன்னது, தையற்காரம்மா, பெட்டி, கம்பளிச் சட்டை, மாசக் கடைசி, எல்லாவற்றையும் அவர் எதிரே நின்று கத்தினேன். இவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதை விட்டுட்டு நான் என்ன பண்ண? ஜன்னல்ல உக்காந்து ரோட்டுல போற வண்டியை எண்ணவா?" என்றார்.

"இப்போ மட்டும் என்ன பண்றீங்க? வைக்கோல்போர் நாய் மாதிரி தானும் தின்னாம, தின்ற மாட்டையும் விடாம!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். மெதுவாகச் சொல்லியிருந்தால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இவர் ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு இல்லை. நான் தட்டு வைப்பேன், அவர் சாப்பிடுவார். ஒன்பது மணிக்கு முன்னறைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை நெஞ்செரிச்சலோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அவரைப் போய் நாய் என்று சொன்னேனே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம். அதே சமயம் அந்தப் பெட்டியும் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

திங்கட்கிழமை காலையில் முன்னறையில் ஏதோ தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். லைசன்ஸைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

தலைநகரத்தில் மருத்துவக் கவுன்சில் அலுவலகம் பெரிய கட்டிடம். புதிதாக லைசன்ஸ் வாங்க வந்த பிள்ளைகளின் வரிசை மாடிப்படி வரை நின்றது. பாதிக்கு மேல் பெண்கள்தான், கணக்கெடுப்பவர் பொய் சொல்லவில்லை. ஒப்படைக்கிற ஜன்னலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சட்டத்தை உள்ளே நீட்டினோம். ஜன்னலில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

இவர் என்னைப் பார்த்தார். என்ன செய்வது, கத்தினேன். "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குறாங்க!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் ஜன்னலுக்குள் குனிந்து, "ரொம்ப நெருங்கின உறவு. நான்தான் அது" என்றார்.

அந்தப் பெண் பதறி எழுந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர். யாரும் உயிரோட வந்து ஒப்படைக்க மாட்டாங்க. அப்புறமா வீட்டு ஆளுங்கதான் கொண்டுவருவாங்க. காரணம் என்னன்னு போட?"

"நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. உக்கார ஆள் வந்தாச்சு. அப்படியே போட்டுக்கம்மா" என்றார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது வெறும் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடி உடைந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இவரைவிடப் பெரிய மனிதர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இப்படியாக எங்கள் ஊர் டாக்டர் இல்லாத ஊர் ஆனது. ஆன பிறகுதான் டாக்டர் வந்தாள். மாசக் கடைசிக்கு முன்பே தையற்காரம்மா மகளுக்கு உத்தரவு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அரசாங்க அறைகளைத் திறந்து வெள்ளையடித்தார்கள். எங்கள் முன்னறையிலிருந்து கட்டிலும், இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிற மெஷினும் அங்கே போயின. எனக்காகத் தைத்த புதுத் திரையும் போனது. ஊரில் இப்போது டாக்டரம்மா என்றால் அந்தப் பெண்ணைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டுத் தடுமாறுகிறார்கள். போகட்டும், எனக்கும் வயதாகிறது.

ஒரு வாரம் கழித்து இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வரலாம். பேஷண்ட்டாத்தான்" என்றார்.

அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். குழந்தையோடு வந்தவர்கள், வாலிபப் பையன்கள், அன்றைக்குக் கடைவீதியில் தலைகுனிந்து நடந்த பெண், இளைத்துப்போன சலூன்காரர், ரொட்டிக் கடைக்காரம்மா. எல்லோரும் எழுந்து நின்று இவருக்கு வழிவிட்டார்கள். தையற்காரம்மா மகள் வெளியே வந்து "வாங்க டாக்டர்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நானும் வழக்கம்போல் கூடவே போனேன்.

"அத்தை, நீங்க வெளிய உக்காருங்க" என்றாள். "பேஷண்ட்கிட்ட தனியாத்தான் பேசணும்."

"அவருக்குக் காது கேக்காதும்மா. நான்தான் சொல்லணும்."

"நான் எழுதிக் காட்டிக் கேட்டுக்கிறேன். பரவாயில்லை."

திரையை இழுத்து விட்டாள். இத்தனை வருடமாகத் திரைக்கு உள்ளே நின்ற நான் முதல் தடவையாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தையற்காரம்மா சொன்னபடி இரண்டு மடிப்பு வைத்துத்தான் தைத்திருந்தாள். ஆனால் திரை கண்ணைத்தானே மறைக்கும்? அந்தப் பெண்ணின் குரல் துளிக்கூட வெளியே வரவில்லை. இவர் பதில் மட்டும் பெஞ்சு முழுவதற்கும் கேட்டது.

"தூக்கமா? நல்லா வருது!" சிறிது நேரம் அமைதி. "ஒண்ணுக்கா? ராத்திரியில மூணு தடவை எழுந்திரிக்கிறேன்!"

யாரோ இருமினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டால்தான் தெரியும் என்பது சரிதான். இந்த ஊரில் எத்தனை பேரை நான் இப்படிக் குனிய வைத்திருக்கிறேன்.

மறுபடியும் அமைதி. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு இவர் குரல் வந்தது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"காதைப் பத்திக் கேக்கிறியா? ஆறு வருஷமா எனக்கு ஒரே ஒரு குரல்தாம்மா கேட்டுச்சு. எங்க வீட்டம்மா குரல். அதனாலதான் அந்த ரூமை மூட எனக்கு மனசு வரலை. பேஷண்ட்னு யாராவது வந்தா அவ பக்கத்துல நின்னு நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பா. நடிக்கிறவன் வந்தாலும் பேசுவா. யாரும் வரலைன்னா எங்கிட்ட என்ன பேசுவா? சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவா. அவ்வளவுதான்."

பெஞ்சில் கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. அதன் தாய் அதை அவசரமாகத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்போ கொஞ்ச நாளா அதுவும் தேஞ்சுக்கிட்டே வருது. முழுசா நின்னு போச்சுன்னே வச்சுக்கயேன். வாயைப் பார்த்துச் சமாளிக்கிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்மா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நமக்குள்ள இருக்கட்டும்."

சலூன்காரர் என்னைப் பார்த்துவிட்டு சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரம்மா என் கையைப் பிடித்தாள். கையைப் பறித்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தேன்.

இவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். காதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட எழுதிக்கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளியதைப் பார்த்தேன். எழுந்து அவர் எதிரே போய் நின்று கேட்டேன்.

"என்ன சொன்னா?"

என் வாயைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்றார். "சத்துக் குறைவாம்."

பெஞ்சு முழுவதும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, வாங்க" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எப்போதும்போல் அவர் பின்னால் நடக்கவில்லை. ஒரு அடி முன்னால் போய், என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்படி ஒருக்களித்து நடந்தேன். எதிரே வந்த சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான். போனால் போகட்டும் என்று, நாற்பது வருடமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை பேசிக்கொண்டே வந்தேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.